பரிசுப் பார்சலும் பொய்ப் பில்லும்

ஆவணி பிறந்து விட்டால் நமது கடைகளுக்கு ஒரு தனி ரக வாடிக்கையாளர் வர ஆரம்பிக்கிறார். அவர் வாங்கும் சரக்கு ஐந்து கிலோ, பத்து கிலோதான் இருக்கும். "அண்ணாச்சி, வெளிநாட்டில் இருக்கும் சிநேகிதருக்குத் தீபாவளிக்குப் போய்ச் சேர வேண்டும். பார்சலுக்குத் தோதாகக் கட்டிக் கொடுங்கள்" என்பார். நாமும் சந்தோஷமாகக் கட்டிக் கொடுக்கிறோம். பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகும்போது, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்பார்: "பில்லை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போட்டுத் தாருங்கள். அங்கே வரி கேட்கிறார்களாம்."

இந்த இரண்டாவது வேண்டுகோளைப் பற்றித்தான் சங்க உறுப்பினர்களோடு மனம் விட்டுப் பேச விரும்புகிறோம். நம்மில் பலர் அதை ஒரு சிறிய உபகாரம் என்று நினைத்துச் செய்து வருகிறோம். நாமும் செய்தவர்தாம். அது உபகாரம் அல்ல, அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் சேர்த்துச் செய்கிற கெடுதல் என்பதை நமது கைப்பணத்தையும் ஒரு நண்பரின் கல்யாண வீட்டுச் சந்தோஷத்தையும் இழந்த பிறகே தெரிந்து கொண்டோம்.

மதுரை கீழமாசி வீதியில் நாம் மொத்த மளிகை வியாபாரத்துக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எஸ்.எஸ்.எல்.சி. வரை நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பர் ஒருவர் இங்கிலாந்தில் குடியேறியவர். 2018-ல் அவருடைய மூத்த மகளுக்கு அங்கே கல்யாணம். நம்மால் போக முடியவில்லை. அதற்கு ஈடாக ஒன்றரை அடிப் பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, சுங்குடிச் சேலை மூன்று, அப்பளம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோ என்று ஒரு பெட்டி கட்டினோம். சரக்கின் விலை மட்டும் 14,000 ரூபாய்க்கு மேல். கூரியர் ஆபீசில் படிவத்தை நீட்டினார்கள். உள்ளே என்ன என்ற இடத்தில் 'பரிசுப் பொருட்கள்' என்று இரண்டே வார்த்தை எழுதினோம். மதிப்பு என்ற இடத்தில் 900 ரூபாய் என்று போட்டோம். நமது கடையிலேயே அந்தத் தொகைக்கு ஒரு பில்லும் எழுதி ஒட்டினோம். நண்பருக்கு வரிச்சுமை வராமல் காப்பாற்றி விட்டோம் என்று பெருமையாகவும் இருந்தது.

பெட்டி கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. வழியில் பிரித்திருக்கிறார்கள். பித்தளை கனத்தில் ஒரு பெட்டி, மதிப்பு 900 ரூபாய், உள்ளே என்னவென்று விபரம் இல்லை என்றால் யார்தான் பிரிக்க மாட்டார்கள்? பால்கோவா எடுத்து அழிக்கப்பட்டு விட்டது. பால் பொருட்களைத் தனியார் பார்சலில் அந்த நாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது நமக்குத் தெரியாது. விளக்குக்கும் சேலைக்கும் அவர்களே ஒரு மதிப்புப் போட்டு வரி விதித்தார்கள். பிரித்த பெட்டியை மறுபடி கட்டியதிலோ, அதற்கு முன்பின் எங்கேயோ, ஒரு விளக்கின் தட்டும் அன்னமும் காணாமல் போயிருந்தன.

நண்பர் போனில் கூப்பிட்டார். "விளக்கு வந்து சேர்ந்ததுடா, ரொம்ப சந்தோஷம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாலு மாதம் கழித்து அவர் சம்சாரம் பேசும்போதுதான் வாய் தவறி வந்தது: "அண்ணே, மூளி விளக்கை மணையில வைக்கக் கூடாதுன்னு பக்கத்து வீட்டுல ஒரு ஜோடி இரவல் வாங்கித்தான் ஏத்தினோம். வரி கட்டுனதையும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இவரு சொல்லியிருந்தாரு." நமக்குப் பேச்சு வரவில்லை. நாம் அனுப்பிய பரிசுக்கு அவர் வரியும் கட்டி, கையாளும் கட்டணமும் கட்டி, கடைசியில் விளக்கையும் ஏற்ற முடியாமல் போயிருக்கிறார்.

கூரியர் ஆபீசில் நஷ்டஈடு கேட்டுப் போனோம். அங்கிருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "ஐயா, நீங்கள் எழுதிய மதிப்பு 900 ரூபாய். அதற்கு மேல் எப்படிக் கொடுப்பது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. நமது கையெழுத்தே நமக்கு எதிர்சாட்சி. வரியைக் குறைப்பதற்காகக் குறைத்து எழுதுகிற ஒவ்வொருவரும் சரக்கு தொலைந்தால் கிடைக்க வேண்டிய நஷ்டஈட்டையும் சேர்த்துத்தான் குறைத்துக் கொள்கிறார்கள். லாரி ஷெட்டில் சரக்கு மதிப்பைக் குறைத்துப் போட்டு, விபத்து நடந்த பின் இன்சூரன்ஸ் கேட்டு அலைந்த கதை நம் வீதியில் எத்தனை இருக்கிறது!

இதில் வேடிக்கை என்னவென்றால், பொய் சொல்லாமலே வரியைத் தவிர்க்க நேர்வழி இருந்தது. ஒரு தனி மனிதர் இன்னொரு தனி மனிதருக்கு அனுப்பும் பரிசுக்குப் பல நாடுகள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. பிரிட்டனில் 39 பவுண்டு வரை வரி இல்லை. ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 45 யூரோ, கனடாவில் 60 கனடா டாலர். சிங்கப்பூரில் தபாலில் வரும் பொருள் 400 சிங்கப்பூர் டாலர் வரையிலும், ஆஸ்திரேலியாவில் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலும் மது, புகையிலை தவிர மற்றவற்றுக்குத் தொல்லை இல்லை. பிரிட்டனில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே பெட்டிக்குள் நாலு பேருக்குப் பரிசு வைத்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, அவரவர் பெயர் எழுதி, படிவத்திலும் தனித்தனி வரியாகக் காட்டினால் தலைக்கு 39 பவுண்டு என்று கணக்கு எடுத்துக் கொள்கிறார்கள். மூன்று சேலையும் மூன்று பெண்களுக்குத்தான் வாங்கினோம். பெயர் எழுதி வைக்க நமக்குத் தோன்றவில்லை. விளக்கு வரம்பைத் தாண்டியிருக்கும், உண்மைதான். அதற்கு வரும் வரியை முன்பே நண்பரிடம் சொல்லி, அந்தத் தொகையை நாமே ஏற்றிருக்கலாம்.

ஆகவே நமது கடையில் இப்போது ஒரே முறைதான். பில் உள்ளபடியே போடுகிறோம். குறைத்துக் கேட்கிறவரிடம் வரம்பைச் சொல்லி, அதற்குள் அடங்கும்படி சரக்கைக் குறைத்துக் கொள்ளச் சொல்கிறோம். சிலர் கோபித்துக் கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். போகட்டும். ஜி.எஸ்.டி. வந்த பிறகு பொய்ப் பில் எழுதுவது நமது தலைக்கும் கத்தி என்பது உறுப்பினர்களுக்குத் தெரியாதது அல்ல. ஐந்து கிலோ மசாலாப் பொடிக்காக யார் அந்த ஆபத்தில் இறங்குவது?

படிவம் எழுதுவதை வாடிக்கையாளர்கள் ஒரு சடங்காக நினைக்கிறார்கள். தபால் ஆபீசில் சிறு பாக்கெட்டுக்கு சி.என். 22 என்றும், பார்சலுக்கு சி.என். 23 என்றும் தருவது சர்வதேசத் தபால் யூனியன் வகுத்த படிவம். அந்த யூனியன் 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஆரம்பிக்கப்பட்டது. இந்தியா 1876-லேயே அதில் சேர்ந்து விட்டது. உலகத்தின் எந்த மூலையிலும் சுங்க அதிகாரி அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் பெட்டியைப் பிரிப்பதா விடுவதா என்று முடிவு செய்கிறார். 2021 முதல் பல நாடுகள் பார்சல் வந்து இறங்கும் முன்பே இந்த விபரங்களைக் கம்ப்யூட்டர் மூலம் கேட்கின்றன. 'பரிசு' என்பது அனுப்பும் காரணம். பொருளின் பெயர் வேறு. 'பருத்திச் சேலை 3, பித்தளை விளக்கு 2, உளுந்து அப்பளம் 1 கிலோ' என்று இங்கிலீஷில், எண்ணிக்கை, எடை, மதிப்பு தனித்தனியாக எழுத வேண்டும். பொடி வகைகளில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாக்கெட் மேலேயே லேபிள் இருக்கட்டும். விபூதியைப் பெயர் எழுதாத பாலித்தீன் பையில் போட்டு அனுப்புகிறவர்கள், வெள்ளைப் பொடியைப் பார்த்தவுடன் அங்கே என்ன நினைப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

இனி, எதை அனுப்பக் கூடாது என்பது. இங்கேதான் மளிகைக் கடைக்காரர்களாகிய நமக்குப் பொறுப்பு அதிகம். ஏனென்றால் தடை செய்யப்பட்ட பொருள்களில் பாதி நமது அலமாரியில்தான் இருக்கிறது.

போன வருடம் ஒரு அம்மா துபாயில் இருக்கும் மகனுக்கும் அவனுடைய அறை நண்பர்களுக்கும் என்று ஒரு பெரிய பட்டியலோடு வந்தார். மல்லி, மிளகாய், சோம்பு, பட்டை, கிராம்பு, கசகசா கால் கிலோ. சில்லறைப் பக்கத்தைக் கவனிக்கும் நமது மகன் கசகசாவை மட்டும் எடுத்து வைத்து விட்டான். "ஏன் தம்பி, அது இல்லாம என் பிள்ளை குருமாவுக்கு என்ன செய்வான்?" என்று அந்த அம்மா சண்டைக்கே வந்து விட்டார். "அம்மா, அந்த ஊர்ச் சட்டத்தில் கசகசா போதைப் பொருள் கணக்கு. குருமாவுக்கு முந்திரியை அரைத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிப் புரிய வைக்க அரைமணி நேரம் ஆனது. அபினிச் செடியின் விதைதான் கசகசா. ஐக்கிய அரபு நாட்டிலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். இங்கே கால் கிலோ கசகசாவில் நமக்குக் கிடைக்கும் லாபம் என்ன? அங்கே அந்தப் பையன் சிறைக்குப் போனால் அந்த லாபத்தை வைத்து என்ன செய்வது? கசகசா சேர்ந்த குருமா மசாலாவும் இதில் அடங்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கற்பூரம், தீப்பெட்டி, பட்டாசு, மத்தாப்பு, ஸ்பிரிட் கலந்த சென்ட் இவையெல்லாம் தீப்பற்றும் சரக்கு. விமானத்தில் ஏறும் தபாலில் இடம் இல்லை. பூஜைச் சாமான் செட் என்று கட்டிக் கொடுக்கும்போது கற்பூர டப்பா தானாகவே உள்ளே போய் விடுகிறது. பார்சலுக்கு என்று சொன்னால் அதை எடுத்து விடுங்கள். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் வகையறாவும் அப்படியே.

அமெரிக்காவுக்கு அரிசி அனுப்பக் கூடாது. நம் குடோன்களில் நமக்குப் பழக்கமான கப்ரா வண்டு அவர்கள் நாட்டுக்குள் புகுந்து விடக் கூடாது என்று 2011-ல், அந்த வண்டு உள்ள நாடுகளிலிருந்து தனியார் பார்சலிலும் பயணிகள் பெட்டியிலும் அரிசி வருவதைத் தடுத்து விட்டார்கள். வண்டு செய்கிற சேதம் நமக்குத் தெரியாதா, அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் அங்கே ஆகாது, எலுமிச்சை ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வரும் என்கிறார்கள். ஆஸ்திரேலியா இவை எல்லாவற்றிலும் கண்டிப்பு. விதை, முளைக்கக் கூடிய தானியம், பால் இனிப்பு எதுவும் வேண்டாம். அந்த ஊருக்குச் சேலை, துண்டு, பாத்திரம் என்று அனுப்பினால் இரண்டு பக்கமும் நிம்மதி.

கல்யாணப் பார்சலில் 101 ரூபாய் மொய்யைக் கவரில் வைத்துச் செருகுவது நமது வழக்கம். ரூபாய் நோட்டு, நாணயம், தங்கம், வெள்ளி எதையும் சாதாரணப் பார்சலில் வைக்கக் கூடாது. பாட்டி காலத்து விளக்கை ஆசையாக அனுப்ப நினைக்கிறவர்களும் உண்டு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டத்தின்படி நாட்டை விட்டுப் போகக் கூடாது. மயில்தோகை விசிறியும் ஏற்றுமதிக்குத் தடை. மருந்து மாத்திரைகளைப் பரிசுப் பெட்டியில் கலக்கவே வேண்டாம்.

கட்டும் முறை பற்றி நமது ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் சில பழக்கங்களை மாற்றிக் கொள்ள வேண்டியிருக்கிறது. முன்னெல்லாம் தபால் ஆபீஸ் வாசலில் ஊசி நூலோடு ஆள் உட்கார்ந்திருப்பார். பெட்டியை வெள்ளைத் துணியில் தைத்து, மூட்டுக்கு மூட்டு அரக்கு வைத்து முத்திரை குத்துவார்கள். அந்த அரக்கு வாசனை இன்னும் நமது மூக்கில் இருக்கிறது. இப்போது புதிய அட்டைப் பெட்டியும் நல்ல டேப்பும் போதும். பழைய பழப் பெட்டி, முட்டைப் பெட்டியில் கட்டினாலோ, உடையாமலிருக்க வைக்கோல் வைத்தாலோ ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பெட்டியே உள்ளே போகாது. பழைய நியூஸ் பேப்பரைக் கசக்கி வையுங்கள். மரப்பெட்டி என்றால் சூடேற்றிப் பதப்படுத்திய முத்திரை கேட்பார்கள். குத்துவிளக்கின் மரையைக் கழற்றித் தட்டு, தண்டு, அடி என்று தனித்தனியே சுற்ற வேண்டும். ஊறுகாயை இரண்டு உறையில் சூட்டு ஒட்டுப் போட்டு, வாய் வரை நிரப்பாமல், தனி டப்பாவில் வைக்க வேண்டும். எண்ணெய் கசிந்து சேலை பாழான சங்கதிகள் ஏராளம்.

பெட்டியின் அளவையும் பாருங்கள். தனியார் கூரியரில் எடை மட்டும் கணக்கு இல்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து, அது அதிகமானால் அதற்குத்தான் சார்ஜ். 40, 30, 30 அளவுள்ள பெட்டியில் இரண்டு கிலோ அப்பளம் வைத்தால் 7.2 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். காற்றுக்கு வாடகை கொடுப்பது என்பது இதுதான்.

பெறுபவரின் போன் நம்பர் இல்லாமல் எந்தப் பார்சலும் போகக் கூடாது. ஐக்கிய அரபு நாட்டுக்குத் தபாலில் அனுப்பினால் போஸ்ட் பாக்ஸ் எண் வேண்டும். அனுப்புகிறவருடைய அடையாளச் சான்று நகலும் கேட்பார்கள்.

அமெரிக்கா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 800 டாலர் வரை தீர்வை இல்லாமல் சரக்கு உள்ளே போய்க் கொண்டிருந்தது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகையை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தி விட்டார்கள். யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்ற குழப்பத்தில் நமது தபால் இலாகா ஆகஸ்ட் கடைசியில் அந்நாட்டுப் பார்சல்களை நிறுத்தி வைத்தது. அக்டோபர் 15 முதல்தான் மறுபடி எடுத்துக் கொண்டார்கள். அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 20. நமது கடையில் கட்டிய ஏழு பெட்டிகள் குடோனிலேயே கிடந்தன. 100 டாலர் வரையிலான உண்மையான பரிசுக்குத் தனிச் சலுகை உண்டு. ஆனாலும் அந்த நாட்டுக்கு அனுப்புகிறவர்கள் போன வருட அனுபவத்தை நம்பாமல், புக்கிங் செய்யும் நாளன்று தபால் ஆபீசில் கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது.

கடைசியாக, நமக்குள்ளேயே பேசிக் கொள்ள வேண்டிய ஒரு விஷயம். வெளிநாட்டில் இருப்பவர் போனில் ஆர்டர் சொல்லி, பணமும் அனுப்பி விடுகிறார். கடைக்காரர் சரக்கைக் கட்டி, படிவத்தில் 'பரிசு' என்று எழுதி அனுப்புகிறார். இது நமது வீதியில் தாராளமாக நடக்கிறது. காசு வாங்கிக் கொண்டு அனுப்புவது எப்படிப் பரிசாகும்? அது ஏற்றுமதி வியாபாரம். அதைச் சரியாகச் செய்வது இப்போது மலையைப் புரட்டுகிற வேலையும் இல்லை. ஐ.இ.சி. எண்ணுக்குக் கட்டணம் 500 ரூபாய், கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பிக்கலாம். 2022 முதல் தபால் ஆபீஸ்களில் ஏற்றுமதி மையங்களைத் திறந்து, சிறு வியாபாரிகளின் ஏற்றுமதிப் பில்லைக் கம்ப்யூட்டர் மூலமே எடுத்துக் கொள்கிறார்கள். நாலு பேர் பரிசு என்ற பெயரில் வியாபாரம் செய்தால், நிஜமாகவே நண்பனுக்குப் பரிசு அனுப்புகிறவனுடைய பெட்டியையும் அங்கே சந்தேகத்தோடு பிரிக்கிறார்கள். வாடிக்கையாளருக்காக நாம் கட்டிக் கொடுக்கும் உண்மையான பரிசில் அனுப்புநர் பெயர் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும், கடைப் பெயர் அல்ல.

அங்கிருந்து நமக்கு வரும் பரிசுக்கும் ஒரு வார்த்தை. 2019 டிசம்பரிலிருந்து வெளிநாட்டிலிருந்து வரும் பரிசுப் பார்சலுக்கு இங்கே தீர்வை விலக்கு கிடையாது. ராக்கியும் உயிர் காக்கும் மருந்தும் மட்டுமே விலக்கு. பதில் பரிசு அனுப்ப வேண்டாம் என்று நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லி விடுங்கள்.

நாட்டு வாரியாக அனுப்பக் கூடாத பொருள்கள், பரிசு வரம்பு இவற்றை ஒரே தாளில் அச்சடித்து, உறுப்பினர் கடைகளின் கல்லாப் பக்கத்தில் தொங்க விட வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறோம். ஆவணிக்கு முன் தாள் கைக்கு வந்தால்தான் பிரயோஜனம். அச்சுக் கூலியில் பாதியை நமது கடை ஏற்றுக் கொள்ளும். வரம்புகள் மாறுகிறபடியால் வருடம் ஒருமுறை திருத்தி அடிக்க வேண்டியிருக்கும். அந்த வேலையை யாராவது ஒரு இளைய உறுப்பினர் முன்வந்து எடுத்துக் கொள்ளும்படி கேட்டுக் கொள்கிறோம்.